போனவர் எங்கே போனார்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் புயல் நிவாரண முகாம்களைப் பற்றிக் கேட்ட ஒருவருக்கு, முகாமில் எத்தனை பேர் என்பது தெரிந்தால் போதாது, யார் யார் என்பதும் தெரிய வேண்டும் என்று ஒரே வரியில் பதில் எழுதி நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மேசையை நிறைத்திருக்கின்றன. ஆகவே பட்டா மாறுதல், ஓய்வூதியம் முதலிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, பேரிடரில் இடம்பெயர்ந்தவர்களைத் தொலைத்துவிடாமல் கணக்கில் வைத்திருப்பது எப்படி என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கடலூரிலிருந்து ஒரு வாசகர்): முகாம்களில் இத்தனை ஆயிரம் பேர் தங்கியிருக்கிறார்கள் என்று அரசு நாள்தோறும் கணக்குச் சொல்கிறது. பெயர் எழுதாமல் கணக்குச் சொல்ல முடியாது. அப்படியிருக்க, குடும்பத்தினரைத் தேடுகிறவர்கள் ஏன் முகாம் முகாமாக அலைய வேண்டியிருக்கிறது?

பதில்: பெயர் எழுதாமலும் கணக்குச் சொல்ல முடியும். பல இடங்களில் அப்படித்தான் சொல்கிறார்கள். முகாமின் முதல் இரண்டு நாள் கணக்கு என்பது பெரும்பாலும் சோற்றுக் கணக்கு. காலையில் எத்தனை பொட்டலம் போயிற்று, இரவுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்பதிலிருந்து பிறக்கும் எண் அது. அரிசிக்கும் பாய்க்கும் பால்மாவுக்கும் அந்த எண் போதும். ஆளைத் தேடி வந்தவருக்கு அது எதற்கும் உதவாது.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்த பிறகு, நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சில நாள் பதிவேடு எழுதியவர்களில் நானும் ஒருவன். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், வயது, வந்த நாள் என்று பத்திகள் போட்டிருந்தோம். வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருந்தது. அது கடைசிவரை காலியாகவே கிடந்தது. ஒரு பெரியவர் தம் மருமகளைத் தேடி வந்தார். அந்தப் பெண்ணின் பெயர் எங்கள் ஏட்டில் இருந்தது, ஆள் மண்டபத்தில் இல்லை. முந்தின நாள் மாலையே யாரோ உறவினர் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டதாகப் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் சொன்னார்கள். எந்த உறவினர், எந்த ஊர் என்பது அவர்களுக்கும் தெரியவில்லை. வந்தவரை எழுதத் தெரிந்த எங்களுக்குப் போனவரை எழுதத் தோன்றவில்லை. மருமகள் உயிரோடு இருக்கிறாள் என்ற செய்திக்கே அவர் எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டது இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

கணினியும் வசதியும் மிகுந்த அமெரிக்கா அடுத்த ஆண்டே இதே இடத்தில் தடுக்கி விழுந்தது. 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி கரையைக் கடந்து, நியூ ஆர்லியன்ஸ் நகரின் வெள்ளத் தடுப்புக் கரைகள் உடைந்தபோது, சூப்பர்டோம் விளையாட்டரங்கிலும் மாநாட்டு மையத்திலும் அடைந்து கிடந்த மக்களைப் பேருந்துகளிலும் விமானங்களிலும் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். எந்த வண்டியில் யார் ஏறினார் என்ற பட்டியல் பெரும்பாலும் எழுதப்படவில்லை. ஏறியவர்களில் பலருக்கே தாங்கள் போய்ச் சேரும் ஊர் தெரியாது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்து, அந்நாட்டின் 50 மாநிலங்களிலும் சிதறினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரான விடை. செஞ்சிலுவைச் சங்கம் ஒரு பட்டியல் தொடங்கியது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் ஆளுக்கொரு பட்டியல் தொடங்கின. தன்னார்வலர்கள் தங்கள் பங்குக்குப் பல பட்டியல்களை இணையத்தில் திறந்தார்கள். எல்லாம் நல்லெண்ணத்தில் செய்தவை. ஆனால் அண்ணன் ஒரு தளத்தில் "தம்பியைக் காணவில்லை" என்று எழுத, தம்பி வேறொரு தளத்தில் "நலமாக இருக்கிறேன்" என்று எழுத, இரண்டு செய்திகளும் சந்திக்காமலே கிடந்தன. பட்டியல் இல்லாதது ஒரு துன்பம் என்றால், பட்டியல்கள் பெருகிப்போனது இன்னொரு துன்பமாக முடிந்தது. இதைக் கண்ட தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள், எல்லாத் தளங்களும் தம் தகவல்களை ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ள ஏதுவாக ஒரு பொது வடிவத்தை வகுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்து, பல தளங்களில் கிடந்த குறிப்புகளைப் படித்து அந்த வடிவத்தில் திரும்பத் தட்டச்சு செய்தார்கள். 2010 ஜனவரியில் ஹெய்த்தி நிலநடுக்கத்தின்போது கூகுள் நிறுவனம் தொடங்கிய ஆள் தேடும் சேவை அந்த வடிவத்தின் மேல் எழுப்பப்பட்டதே.

இந்த உத்தி கணினியோடு பிறந்ததும் அல்ல. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு ஜெனீவாவில் போர்க் கைதிகளுக்கென ஒரு முகமையை அமைத்தது. போரிடும் நாடுகள் அனுப்பிய கைதிகளின் பட்டியலிலிருந்து பெயருக்கொரு அட்டை எழுதினார்கள். மகனைக் காணோம் என்று தாய் எழுதிய கடிதத்திலிருந்தும் ஓர் அட்டை எழுதினார்கள். இரண்டையும் ஒரே அகரவரிசையில் அடுக்கினார்கள். தேடுகிறவரின் அட்டையும் தேடப்படுகிறவரின் அட்டையும் ஒரே இழுப்பறையில் அடுத்தடுத்து வந்து விழும்போது ஒரு குடும்பத்துக்குக் கடிதம் போகும். சுமார் 20 லட்சம் கைதிகளுக்காக அங்கே சேர்ந்த அட்டைகள் ஏறக்குறைய 70 லட்சம். நம்மூர் முகாம்களில் வந்தவர் பட்டியலை ஓர் அலுவலகமும் காணாமற்போனவர் பட்டியலைக் காவல் நிலையமும் தனித்தனியே வைத்திருக்கும்வரை, நீங்கள் சொல்லும் அலைச்சல் தீராது.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி): எங்கள் தெருவிலேயே நான்கு முத்துலட்சுமிகள் இருக்கிறோம். பட்டியலில் ஒரு முத்துலட்சுமியைக் கண்டால் அது எந்த முத்துலட்சுமி என்று எப்படித் தெரியும்?

பதில்: பெயரை மட்டும் நம்பித் தேடுவது எந்த நாட்டிலும் சரிப்படுவதில்லை; நம் நாட்டில் அது இன்னும் சீக்கிரம் காலை வாரிவிடும். ஒருவர் தலைப்பெழுத்தைத் தமிழில் 'ச' என்று சொல்வார், எழுதுகிறவர் அதையே 'எஸ்' என்று எழுதுவார், அடுத்த முகாமில் அது 'சி' ஆகிவிடும். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு. அதிர்ச்சியில் பேச்சற்று உட்கார்ந்திருப்பவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்லும்போது, அவருக்குத் தெரிந்தது கூப்பிடும் பெயராகவே இருக்கும்.

ஜப்பானில் 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு, முகாம்களின் சுவர்களில் கையால் எழுதி ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியல்களைச் செல்பேசியில் படம் பிடித்து அனுப்புமாறு கூகுள் கேட்டுக்கொண்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன; அவற்றைத் தன்னார்வலர்கள் படித்துத் தட்டச்சு செய்ததில் சுமார் 1,40,000 பெயர்கள் சேர்ந்தன. ஒரே சித்திர எழுத்தை ஜப்பானியர் பலவிதமாக உச்சரிப்பார்கள். எழுத்தில் இருக்கும் பெயரைக் காதில் கேட்ட பெயரோடு பொருத்துவது அவர்களுக்கே பெரும்பாடு. அங்கே 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு, 1998-இல் தொடங்கிய 171 என்ற தொலைபேசிச் சேவை பெயர்த் தொல்லையையே ஒதுக்கிவிட்டது. பாதிக்கப்பட்டவர் 171-ஐ அழைத்துத் தம் வீட்டுத் தொலைபேசி எண்ணை அழுத்தி, 30 விநாடிக்குள் தாம் இருக்கும் நிலையைப் பேசிப் பதிவு செய்யலாம். அதே எண்ணை அழுத்தும் உறவினர் அதைக் கேட்கலாம். முத்துலட்சுமிகள் நால்வராக இருக்கலாம், தொலைபேசி எண் ஒருவருக்கே உரியது.

எண்ணும் இல்லாதவருக்கு ஊரே அடையாளம். நம் கடற்கரைக் கிராமங்களில் யார் மகன், எந்தப் படகில் போகிறவன், எந்தக் குடும்பத்தில் பெண் எடுத்தவன் என்ற விவரம் எந்த அலுவலகத்தையும்விட ஊர்ப் பஞ்சாயத்துக்கு நன்றாகத் தெரியும். ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணப் பட்டியல்கள் பலவும் அந்தப் பஞ்சாயத்துகளின் வழியாகவே விரைந்து தயாராயின. ஆனால் ஊர்க் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. ஊர் வரி கட்டும் ஆண்களை வைத்து எண்ணுவது. கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண், ஊரின் ஓரத்தில் குடியிருக்கும் இருளர், மீன் சார்ந்த வேலைக்கு வந்து தங்கிய வேற்றூரார் ஆகியோர் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போனது பின்னால் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. ஊர்ப் பெரியவர்களின் பட்டியலில் தொடங்குவது நல்லது. அதோடு நிறுத்திக்கொள்வது தவறு.

பெயர்ச் சிக்கலும் பட்டியல் சிக்கலும் ஒன்றுசேர்ந்து வாட்டிய இலங்கையில்தான், அவற்றுக்கென ஒரு கருவியும் உருவாயிற்று என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆழிப்பேரலை அடித்த சில வாரங்களில் அந்நாட்டின் மென்பொருள் வல்லுநர்கள் தன்னார்வத்தோடு சேர்ந்து 'சஹானா' என்ற கட்டற்ற மென்பொருளை, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய மென்பொருளை, எழுதினார்கள். சிங்களத்தில் அச்சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனவர்கள், முகாம்கள், உதவி செய்யும் அமைப்புகள், தேவைகள் ஆகிய நான்கையும் தனித்தனி ஏடுகளாக வைத்து ஒன்றோடொன்று இணைத்தது அதன் சிறப்பு. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம் முதலாகப் பல நாடுகள் அதைப் பயன்படுத்தியிருக்கின்றன.

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகி): பெரியவர்கள் எப்படியாவது பேசித் தங்களை அடையாளம் காட்டிக்கொள்வார்கள். பேசத் தெரியாத குழந்தையை என்ன செய்வது? படத்தை எல்லோருக்கும் அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். ஏன் என்பதை உங்கள் பக்கத்து ஊரான கல்முனையில் நடந்ததைக் கொண்டே சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 அன்று சிதைவுகளுக்கிடையே மீட்கப்பட்ட ஒரு கைக்குழந்தையைக் கல்முனை மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றைய அனுமதிப் பதிவேட்டில் 81-ஆவது ஆளாக எழுதப்பட்டதால், உலகமெங்கும் செய்தித்தாள்கள் அந்த எண்ணையே அக்குழந்தைக்குப் பெயராக்கின. ஒன்பது தம்பதியர் உரிமை கொண்டாடுவதாகச் செய்தி பரவியது. முறைப்படி உரிமை கோரியது ஒரே ஒரு தம்பதியர். ஆனாலும் அந்தப் பரபரப்புக்கு நடுவே எந்த அதிகாரியும் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கத் துணியவில்லை. நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டு, 2005 பிப்ரவரி நடுவில் முடிவு வந்த பிறகே பெற்றோரிடம் பிள்ளை சேர்ந்தது. தம் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் ஏழு வாரம் காத்திருந்த அந்தத் தாய் தகப்பனின் துயரத்தில் பாதிக்கு, படமும் செய்தியும் தறிகெட்டுப் பரவியதே காரணம் என்பது என் எண்ணம். சோதனைக்கு உத்தரவிட்டதைக் குறை சொல்ல மாட்டேன்.

அதே நாட்களில் இந்தோனேசிய அரசு, 16 வயதுக்கு உட்பட்ட ஆச்சே மாநிலக் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வதற்குத் தடை விதித்தது. உறவினர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் எல்லோரும் உறவினராக இருப்பதில்லை என்ற அச்சம் காரணமற்றதல்ல. கத்ரீனாவில் குடும்பத்தைப் பிரிந்தவர்களாகவோ காணாமற்போனவர்களாகவோ பதிவான குழந்தைகள் 5,192 பேர். காணாமற்போன குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் ஒவ்வொரு குழந்தையாகப் பின்தொடர்ந்து, கடைசிக் குழந்தையைக் குடும்பத்தோடு சேர்த்தது 2006 மார்ச்சில், ஆறு மாதத்துக்கும் மேலான பிறகு. எண்ணிக்கையைக் குறைப்பதற்காக யார் கையிலாவது பிள்ளைகளை ஒப்படைத்திருந்தால் இரண்டு வாரத்தில் கோப்பை மூடியிருக்கலாம்.

தமிழ்நாட்டில் இப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் 1098 என்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம். 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் அப்பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். எங்கே, எப்போது, என்ன உடையில், யார் கண்டெடுத்தார்கள் என்பதை அந்த நேரத்திலேயே எழுதி வைப்பது படத்தைப் பரப்புவதைவிடப் பன்மடங்கு உதவும். அரைஞாண், தாயத்து, காதுகுத்து, மச்சம் ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும், ஆனால் வெளியே சொல்லக் கூடாது. உரிமை கோரி வருகிறவரைச் சோதிப்பதற்கு நம் கையில் இருப்பது அந்த விவரங்கள்தான்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர்): முகாமில் இருப்போர் பெயர்களை எல்லாம் அப்படியே இணையத்தில் போட்டுவிட்டால் தேடுவது எளிதாகிவிடாதா? இதில் மறைக்க என்ன இருக்கிறது?

பதில்: உங்களுக்கும் எனக்கும் மறைக்க ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். அடிக்கும் கணவனை விட்டு வந்து வேறூரில் தையல் வேலை பார்த்த பெண்ணை, வெள்ளம் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் கொண்டுவந்து விடுகிறது என்று வையுங்கள். அவள் பெயரும் முகாமின் பெயரும் சேர்ந்து இணையத்தில் வந்தால், அதை முதலில் தேடிப் படிக்கிறவன் யாராக இருப்பான்? கந்துவட்டிக்காரனுக்கு அஞ்சி ஊர் மாறியவர்கள் இருக்கிறார்கள். போர்க் காலத்தில் பெயர்ப் பட்டியல் என்ற சொல்லுக்கே நடுங்கிய இலங்கையின் வடகிழக்கில், நிவாரணத்துக்குப் பெயர் கொடுக்கவும் தயங்கியவர்கள் இருந்திருந்தால் வியப்பதற்கில்லை.

செஞ்சிலுவை அமைப்பினர் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் முறை எளிமையானது. தேடப்படுகிறவரைக் கண்டுபிடித்தால், இன்னார் உங்களைத் தேடுகிறார் என்று முதலில் அவரிடம் சொல்வார்கள். அவர் சம்மதித்தால்தான் தேடியவருக்கு முகவரி போகும். பொதுவெளியில் போட்டே ஆக வேண்டும் என்றால் 'நலமாக இருக்கிறார்' என்ற இரண்டு சொல் போதும். இருக்கும் இடத்தை முகாம் அலுவலரின் மேசைக்குள் வைத்துக்கொள்ளலாம்.

வெளியிடுவதே தவறு என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் மலை சரிந்தபோது, உடல்கள் சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு மலப்புறம் மாவட்டத்து நிலம்பூர் வரை போய்க் கிடைத்தன. யார் மிஞ்சினார், யார் இல்லை என்று சொல்லத்தக்க அண்டை வீட்டாரும் பல இடங்களில் இல்லை. அப்போது மாவட்ட நிர்வாகம் ரேஷன் அட்டை முதலிய ஆவணங்களை முகாம்களில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு, காணாமற்போனவர்கள் என்று 138 பெயர்கள் கொண்ட ஒரு வரைவுப் பட்டியலை வெளியிட்டு, தவறு இருந்தால் திருத்துமாறு பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. வரைவு என்று சொன்னதுதான் அதில் எனக்குப் பிடித்தது. உயிரோடு இருக்கிறவர் ஒருவர் தம் பெயரை அதில் கண்டு, அழைத்துச் சொல்லி, நீக்கச் செய்ய அங்கே வழி இருந்தது. நீக்குவதற்கு வழியில்லாத பட்டியலை வெளியிடக் கூடாது.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகி): முகாமை மூடியவுடன் எல்லோரும் வீடு திரும்பிவிட்டதாகச் செய்தி வருகிறது. உண்மையில் எத்தனை நாள்வரை அவர்களைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும்?

பதில்: கேள்விகளில் கடினமானது இதுதான். முகாம் மூடப்பட்டது என்பது கட்டடத்தைப் பற்றிய செய்தி. அதற்குள் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்களா, மைத்துனர் வீட்டுத் திண்ணைக்குப் போனார்களா என்பதை அந்தச் செய்தி சொல்வதில்லை. பள்ளிக்கூடம் திறக்க வேண்டும், மண்டபத்தில் முகூர்த்தம் இருக்கிறது என்று முகாம்கள் மூடப்படுவதை நாம் பார்த்ததுதானே.

ஜப்பானின் ஃபுகுஷிமா மாநிலத்தில் ஃபுதாபா என்றொரு சிற்றூர். மக்கள்தொகை ஏறத்தாழ 7,000. 2011 மார்ச்சில் அணுமின் நிலைய விபத்தால் ஊரைக் காலி செய்ய நேர்ந்தபோது, ஊராட்சியே மக்களில் ஒரு பகுதியினரை அழைத்துக்கொண்டு தோக்கியோவை அடுத்த சைத்தாமா மாநிலத்து விளையாட்டரங்குக்குப் போயிற்று. அம்மாத இறுதியில் அங்கிருந்து காசோ நகரில் மூடிக் கிடந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு மாறியது. ஊராட்சி அலுவலகமும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இயங்கியது. வகுப்பறைகளில் பாய் விரித்துக் குடியிருந்தவர்களில் கடைசியானவர்கள் வெளியேறியது 2013 டிசம்பரில். ஊரின் ஒரு பகுதியில் மக்கள் மீண்டும் குடியேறத் தடை நீங்கியது 2022 ஆகஸ்டு 30 அன்று; அலுவலகம் சொந்த மண்ணில் திறந்தது அடுத்த வாரம். பதினொரு ஆண்டுகளுக்கு மேல், நிலமே இல்லாமல் ஓர் ஊராட்சி தன் மக்களின் ஏட்டை மட்டும் சுமந்துகொண்டு திரிந்தது.

இப்படிச் சிதறியவர்களுக்காக ஜப்பான் அரசு 2011 ஏப்ரலில் ஒரு முறையைத் தொடங்கியது. இடம்பெயர்ந்தவர், தாம் தங்கியிருக்கும் ஊரின் நகராட்சியில் போய்த் தம் பெயரையும் முகவரியையும் சொல்ல வேண்டும். அது அம்மாநிலத்தின் வழியாகச் சொந்த மாநிலத்துக்கும், அங்கிருந்து சொந்த ஊராட்சிக்கும் போகும். ஊராட்சி அந்த முகவரிக்கு ஊர்ச் செய்தியையும் வரி, இழப்பீடு பற்றிய அறிவிப்புகளையும் அனுப்பும். அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த ஒரு சிறப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று: அணு விபத்தால் வெளியேறிய 13 ஊராட்சிகளின் மக்கள், குடியிருப்புப் பதிவைச் சொந்த ஊரிலேயே வைத்துக்கொண்டு, தங்கியிருக்கும் ஊரில் மருத்துவம், முதியோர் பராமரிப்பு, பள்ளி முதலிய சேவைகளைப் பெறலாம். ஊரை விட்டுக்கொடுக்காமல் உதவி பெற முடிந்ததால், பெயர் பதிந்துகொள்ள மக்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. பதிவு செய்வதால் தமக்கு என்ன பயன் என்று தெரியாதவர் எந்த நாட்டிலும் வரிசையில் நிற்க மாட்டார்.

அங்கும் ஓட்டைகள் இருந்தன. சொன்னால்தான் பதிவு என்பதால், மறுபடி வீடு மாறியவர்களில் பலர் சொல்லாமலே மாறினார்கள். வெளியேற்ற உத்தரவு இல்லாத பகுதிகளிலிருந்து பிள்ளைகளின் நலம் கருதித் தாமாக வெளியேறிய குடும்பங்களுக்கு இலவச வீட்டு உதவி 2017 மார்ச்சோடு நின்றது. அதன் பிறகு அவர்களில் பலர் இடம்பெயர்ந்தோர் கணக்கிலிருந்தும் விழுந்துவிட்டார்கள். நேற்று வரை இடம்பெயர்ந்தவராக இருந்த தாய் இன்றும் அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறாள், வாடகையைக் கொடுப்பவர் மாறியதும் அவள் பெயர் இல்லாமல் போயிற்று. உதவியை நிறுத்துவது வேறு, எண்ணுவதை நிறுத்துவது வேறு. இரண்டையும் ஒரே கையெழுத்தில் செய்கிற பழக்கம் நம் ஊரிலும் உண்டு.

எண்ணிக்கையில் வைத்திருப்பதோடு முடிந்தும் விடுவதில்லை. கோபே நிலநடுக்கத்துக்குப் பிறகு தற்காலிக வீடுகளைக் குலுக்கல் முறையில், முதியோருக்கு முன்னுரிமை தந்து ஒதுக்கினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அண்டை அயல் தெரியாத இடத்தில் தனியே குடிவைக்கப்பட்ட முதியவர்கள் கதவுக்குப் பின்னால் இறந்து, நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டார்கள். அந்த வீடுகளில் அப்படி இறந்தவர்கள் 200-க்கும் மேல். ஒவ்வொருவர் பெயரும் ஏட்டில் சரியாகவே இருந்தது. அதைப் பாடமாகக் கொண்டு 2004-இல் நீகாத்தா நிலநடுக்கத்தின்போது யாமாகோஷி என்ற மலைக் கிராமத்து மக்களைத் தெருத் தெருவாகச் சேர்த்தே குடிவைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி காலையில் கதவு திறந்தாளா என்று பார்ப்பவர் இருக்கும் இடத்தில் பாதிக் கண்காணிப்பு தானாக நடந்துவிடும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நிலையான வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை, அல்லது என்னை இனித் தேட வேண்டாம் என்று அவரே சொல்லும்வரை என்பது என் பதில்.

கேள்வி (கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்): கடலுக்குப் போய்த் திரும்பாதவருக்கு ஏழு ஆண்டு கழித்தே இறப்புச் சான்றிதழ் கிடைக்கும் என்கிறார்கள். அதுவரை குடும்பம் என்ன செய்யும்?

பதில்: ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றித் தகவல் இல்லையென்றால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, இப்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 111-ஆம் பிரிவு. பேரிடரில் இதை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றதில்லை. 2013 ஜூனில் உத்தராகண்டில் கேதார்நாத் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உடலும் கிடைக்காமல் மறைந்தபோது, விசாரித்து, பத்திரிகையில் அறிவித்து, ஆட்சேபத்துக்கு அவகாசம் தந்து, அதன் பின் சான்றிதழ் வழங்கும் முறையை மத்திய அரசு வகுத்தது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் திரும்பாத உங்கள் மாவட்டத்து மீனவர்களுக்கும், கேரள மீனவர்களுக்கும் அந்த ஏழு ஆண்டு தளர்த்தப்பட்டது. இதற்கெல்லாம் அடித்தளம் காவல் நிலையத்தில் கொடுத்த புகார்தான். படகில் யார் யார் ஏறினார்கள் என்ற எழுத்து கரையில் ஒருவரிடம் இருந்தால் விசாரணையில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி (சிதம்பரத்திலிருந்து ஒரு வாசகர்): அரசு செய்வது இருக்கட்டும். வெள்ளம் வரும் ஊரில் குடியிருக்கும் நாங்கள் முன்கூட்டியே என்ன செய்து வைக்கலாம்?

பதில்: வெளியூரில் இருக்கும் ஒரே ஓர் உறவினரைக் குடும்பத்துக்கு நடுவாளாக வைத்துக்கொள்ளுங்கள், பிரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் அழைக்காமல் எல்லோரும் அவரையே அழைக்க வேண்டும். பாதிக்கப்பட்ட ஊருக்குள் அழைப்பு கிடைக்காதபோதும் வெளியூருக்குக் கிடைப்பதுண்டு. அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகும். அந்த எண்ணைச் செல்பேசியில் மட்டும் வைத்திருந்தால் மின்னேற்றம் தீர்ந்ததும் எண்ணும் போய்விடும். காகிதத்தில் எழுதிப் பிள்ளைகளின் பையிலும் வயதானவர்களின் மடியிலும் வைத்துவிடுங்கள். எல்லோரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று வெளியூர்க்காரரிடமும் இருக்கட்டும்.

முகாமில் பெயர் கொடுக்கும்போது ரேஷன் அட்டையில் உள்ள பெயரையும் கூப்பிடும் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். நலமாக இருப்பது தெரிந்த பிறகு, நீங்கள் கொடுத்த 'காணவில்லை' விவரத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாலோர் மறக்கும் காரியம்; கிடைத்துவிட்ட ஆளை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் வேலை யாருக்கும் வேண்டாம். உறவினர் வந்து அழைத்துக்கொண்டு போகும்போது, ஏடு எழுதுகிறவர் கேட்காவிட்டாலும், போகும் ஊர், அழைத்துச் செல்பவர் பெயர், அவருடைய செல்பேசி எண் மூன்றையும் எழுதச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அதற்கென்று பத்தி எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று இருக்கும் இடம் காலியாகத்தான் இருக்கும்.